பிராந்தியும் எலுமிச்சையும்: வீட்டுலயே சைட்கார் கலக்குறது எப்படி

ரெசிபியில சும்மா 'எலுமிச்சை சாறு'ன்னு ஒரு வரி போட்டுட்டு போயிருவாங்க. நீங்க அத நம்பி மலேசியாவுல எங்க ஊரு சுங்கை சிப்புட் சந்தையில காலையில போயி எலுமிச்சைன்னு கேட்டா, ஒரு அக்கா பச்சையா உருண்டையா லிமாவ் நிப்பிஸ் ஒரு கூறு எடுத்து பையில போடுவாங்க, பக்கத்துல கேட்டா கோலிக்குண்டவிட கொஞ்சம் பெரிசா லிமாவ் கஸ்தூரி குடுப்பாங்க, ஆனா ரெசிபி எழுதுனவரு மனசுல இருந்தது மஞ்சளா, ரெண்டு முனையும் கூரா இருக்குற லெமன், அது சூப்பர்மார்க்கெட் குளிர்பெட்டிலதான் இருக்கும். மூணுக்கும் நம்ம வாயில ஒரே பேரு. மூணும் மூணு வேற பழம், மூணு வேற வாசனை. சைட்கார்ங்குறது மூணே மூணு சாமான்ல செய்யுற கலவை, அதுல ஒண்ணு மாறிப்போச்சுன்னா மறைக்கிறதுக்கு வேற எதுவும் கிடையாது. அதனாலதான் இத கொஞ்சம் நீட்டி எழுதுறேன்.

சைட்கார்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: பிராந்தி, ஆரஞ்சு லிக்யூர் (ஆரஞ்சு வாசனையோட இருக்குற இனிப்பு சரக்கு), லெமன் சாறு. இந்த மூணையும் ஐஸ் போட்டு நல்லா குலுக்கி, வடிகட்டி, சில்லுன்னு இருக்குற சின்ன கிளாஸ்ல ஊத்துறது, அவ்வளவுதான். முதல் உலகப் போர் முடிஞ்ச சமயம் பாரிஸ்லயோ லண்டன்லயோ பொறந்துச்சுன்னு சொல்வாங்க, ரெண்டு ஊர்க்காரங்களும் எங்களுதுன்னு சொந்தம் கொண்டாடுறாங்க. அச்சுல வந்தது 1922ல, அந்த வருஷம் வந்த ரெண்டு புத்தகத்துல இந்த ரெசிபி இருக்கு. அதுல ஒண்ணு பாரிஸ்ல பார் நடத்துன ஹாரி மெக்கெல்ஹோன் எழுதுனது, அவரே இதுக்கான பெருமைய லண்டன் பக்ஸ் கிளப் பார்டெண்டர் மெக்காரிக்குத்தான் குடுத்திருக்காரு. பேரு எப்படி வந்துச்சுன்னா, ஒரு ராணுவ கேப்டன் மோட்டார்சைக்கிளுக்குப் பக்கத்துல ஒட்டியிருக்குற சைட்கார்ங்குற பெட்டி வண்டியில உக்காந்து பாருக்கு வருவாருன்னு ஒரு கதை, அது கதைதான்.

எனக்கு அந்தப் பேரு முதல்ல கேட்டப்பவே புடிச்சுப் போச்சு, ஏன்னா எங்க பெரியப்பா அப்படி ஒரு மோட்டார்லதான் கச்சாங் பூத்தே வித்தாரு. தோட்டத்து வேலைய விட்ட பிறகு மோட்டாருக்குப் பக்கத்துல கண்ணாடி பெட்டி கட்டி, முறுக்கு, பொரிச்ச கடலை, ஓமப்பொடின்னு வச்சுகிட்டு சம்பள நாளுக்கு லயன் லயனா சுத்துவாரு. அவருக்கு வருஷத்துக்கு ஒரு பிராந்தி போத்தல், தீபாவளிக்கு. அலமாரியில வேட்டிக்குப் பின்னால இருக்கும். அரை கிளாஸ் ஊத்தி மேல கோக் ஊத்தி ஒரே மூச்சுல குடிச்சிட்டு மூஞ்சிய சுளிப்பாரு. அத பார்த்துப் பார்த்தே பிராந்தின்னா மூஞ்சி சுளிக்குற சாமான்னு சின்ன வயசுல நெனச்சிருந்தேன். அப்புறம் பினாங்குல ஒரு ஹோட்டல் பார்ல ஆறு வருஷம் நின்னு வேலை பார்த்தப்பதான் அது பிராந்தியோட தப்பு இல்ல, நாம அத நடத்துற விதத்தோட தப்புன்னு புரிஞ்சுது.

சரி, பிராந்தியிலேர்ந்து ஆரம்பிப்போம்.

பிராந்திங்குறது பழத்து ஒயின காய்ச்சி வடிக்கிறது, பெரும்பாலும் திராட்சை. டச்சுக்காரங்க 'எரிச்ச ஒயின்'னு அர்த்தம் வர்ற மாதிரி கூப்பிட்ட பேருதான் சுருங்கி பிராந்தி ஆச்சு. கோன்யாக்னு போட்டிருக்குறது பிரான்ஸ்ல கோன்யாக் ஊரச் சுத்தி இருக்குற வட்டாரத்துல மட்டும் செய்யுறது, செம்பு பாத்திரத்துல ரெண்டு தடவ வடிச்சு ஓக் பீப்பாயில ஊற வைப்பாங்க. கோன்யாக் எல்லாம் பிராந்தி, பிராந்தி எல்லாம் கோன்யாக் இல்ல. போத்தல்ல வி.எஸ்.னு போட்டிருந்தா குறைஞ்சது 2 வருஷம் பீப்பாயில இருந்தது, வி.எஸ்.ஓ.பி.ன்னா 4 வருஷம், எக்ஸ்.ஓ.ன்னா 2018லேர்ந்து 10 வருஷம்னு சட்டம். சைட்காருக்கு வி.எஸ். தாராளமாப் போதும், வி.எஸ்.ஓ.பி. இருந்தா நல்லா இருக்கும். கல்யாணத்துக்கு யாரோ குடுத்த எக்ஸ்.ஓ. போத்தல் வீட்ல இருந்தா அத தொடாதீங்க, அத சும்மா கிளாஸ்ல ஊத்தி மெதுவா குடிக்கணும், லெமன் ஊத்துனா அந்த பத்து வருஷ வாசனை எல்லாம் புளிப்புக்கு அடியில போயிரும்.

கோன்யாக்தான் வேணும்னு இல்ல. ஸ்பெயின் பிராந்தி கொஞ்சம் இனிப்பா உலர் திராட்சை வாசனையோட இருக்கும், அதுவும் ஒத்துவரும், லிக்யூர மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கணும். ஆனா சீனக்கடையில மேல் தட்டுல வரிசையா நிக்குற மலிவான போத்தல எடுக்குறப்ப லேபிள பொடி எழுத்து வரைக்கும் படிங்க. 'காம்பவுண்டட்'னு எங்கயாவது போட்டிருந்தா அது திராட்சையிலேர்ந்து வந்தது இல்ல, வெறும் ஸ்பிரிட்ல வாசனையும் கலரும் சேர்த்தது. அதுல சைட்கார் போட்டா முதல் வாய் ஓகேவா இருக்கும், ரெண்டாவது வாயில எசன்ஸ் வாசனை மேல வந்து நிக்கும், பழத்தோட புளிப்பு அத இன்னும் எடுத்துக் காட்டும், மறைக்காது.

அதவிட முக்கியமா ஒண்ணு. வரி ஒட்டாத, மூடி சீல் சரியா இல்லாத, யாரோ கார் பூட்லேர்ந்து எடுத்து பாதி விலைக்கு குடுக்குற போத்தல் வேணவே வேணாம், எவ்வளவு தெரிஞ்சவங்களா இருந்தாலும் சரி. 2018 செப்டம்பர்ல சிலாங்கூர்ல மெத்தனால் கலந்த கள்ளச் சரக்கு குடிச்சு எத்தன பேரு செத்தாங்க, மறந்துருக்க மாட்டீங்க. மெத்தனால வாசனையிலயோ ருசியிலயோ கண்டுபிடிக்க முடியாது, உடம்புக்குள்ள போயி பார்மிக் ஆசிடா மாறி முதல்ல கண்ணத்தான் அடிக்கும். காசு இல்லன்னா அந்த மாசம் போடாதீங்க, அடுத்த மாசம் போடலாம்.

அடுத்தது ஆரஞ்சு லிக்யூர். இதுதான் தோட்டத்து ஊர்ல கிடைக்காத சாமான். குவாந்த்ரோ பிரான்ஸ்ல ஆன்ஜேங்குற ஊர்லேர்ந்து வர்றது, ஆரஞ்சுத் தோல்லேர்ந்து எடுத்தது, 40 சதவீதம் ஆல்கஹால், அதாவது பிராந்திக்கு சமமான காட்டம், பாக்குறதுக்குத் தண்ணி மாதிரி இருக்கும். ஈப்போ போனா பெரிய கடையில கிடைக்கும், வரியில்லாத லங்காவித் தீவுக்குப் போறவங்க யாராவது இருந்தா ஒண்ணு சொல்லிவிடுங்க. ஒரு போத்தல் வாங்குனா ஒரு வருஷத்துக்கு மேல வரும், கெட்டுப்போகாது, பிரிட்ஜுல வைக்கவும் தேவை இல்ல. டிரிபிள் செக்னு போட்டு மலிவா சில போத்தல் இருக்கு, அதுல ஆல்கஹால் பாதிதான் இருக்கும், சீனி ஜாஸ்தி, அத ஊத்துறதா இருந்தா 20 மில்லிக்குப் பதிலா 15 மில்லியில ஆரம்பிச்சு பாருங்க.

ரெண்டுமே கிடைக்கலன்னா வீட்லயே ஒண்ணு செஞ்சுக்கலாம், நான் ஊருக்குத் திரும்பி வந்த முதல் வருஷம் இப்படித்தான் ஓட்டுனேன். சீனப் பெருநாள் சமயத்துல பக்கத்து வீட்டு அங்கிள் குடுக்குற மாண்டரின் ஆரஞ்சு பெட்டி பெட்டியா வீட்ல இருக்கும்ல, அதுல நாலு பழம், கூட ரெண்டு சன்கிஸ்ட் ஆரஞ்சு. வெந்நியில நல்லா தேச்சுக் கழுவுங்க, பளபளப்புக்கு மெழுகு பூசியிருப்பாங்க. தோல மட்டும் கத்தியில சீவுங்க, உள்ள இருக்குற வெள்ளைப் பகுதி ஒட்டக் கூடாது, அதுலதான் கசப்பு இருக்கு. 250 மில்லி வோட்காவுல அந்தத் தோலப் போட்டு மூடி நாலு நாள் அலமாரியில வைங்க, தினம் ஒரு தடவ ஆட்டி விடுங்க. அஞ்சாவது நாள் வடிகட்டிட்டு, 100 கிராம் சீனிய 100 மில்லி தண்ணியில காய்ச்சி ஆற வச்சு அதோட கலந்துருங்க. குவாந்த்ரோ மாதிரி சுத்தமா தெளிவா வராது, மஞ்சளா லேசா கலங்கலா இருக்கும், காட்டமும் கம்மி, ஆனா வாசனை உண்மையான பழத்து வாசனை. அந்த நாலு நாள் பொறுமையும் இல்லாதவங்க ஆரஞ்சு மார்மலேட் ஒரு டீஸ்பூன் நெறைய போட்டு பிராந்தியோட குலுக்கலாம், அதுவும் நல்லாவே வேலை செய்யும், வடிகட்டுறப்ப மட்டும் ரெண்டு தடவ வடிகட்டணும்.

இப்ப புளிப்புக்கு வருவோம், நான் ஆரம்பிச்ச இடத்துக்கு.

லெமன் சாறு, லிமாவ் நிப்பிஸ் சாறு ரெண்டுலயும் புளிப்பு கிட்டத்தட்ட ஒரே அளவுதான், நூத்துக்கு அஞ்சாறு பங்கு ஆசிட். வித்தியாசம் எங்கன்னா, லெமன்ல இருக்குறது பெரும்பாலும் சிட்ரிக் ஆசிட் மட்டும், அது நாக்குல சட்டுனு வந்து சட்டுனு போயிரும். நிப்பிஸ்ல மாலிக் ஆசிடும் சேர்ந்திருக்கும், பச்சை ஆப்பிள்ல இருக்குமே அந்தப் புளிப்பு, அது நாக்குல உக்காந்துக்கும். அதோட நிப்பிஸ் தோலோட வாசனை ரொம்ப காரமானது, ரம்முக்கு அது பொருத்தம், பிராந்திக்கு இல்ல. பிராந்தியோட அந்த மெல்லிசான திராட்சை வாசனைய அது முழுசா மூடிரும். நான் வீட்ல முதல் தடவ போட்டப்ப லெமன் இல்லையேன்னு நிப்பிஸ் ஊத்தி நாசம் பண்ணேன், நல்ல வி.எஸ்.ஓ.பி. 100 மில்லி போச்சு, பெரியம்மா ஒரு வாய் குடிச்சிட்டு, "ஏன்டா தம்பி, ரசத்துக்கு புளி ஜாஸ்தி ஆன மாதிரி இருக்கே"ன்னாங்க. சரியாத்தான் சொன்னாங்க.

லிமாவ் கஸ்தூரி கதையே வேற. அது மாண்டரின் ஆரஞ்சும் கும்குவாட்டும் சேர்ந்து உண்டான பழம், அதனால வெட்டுன உடனே புளிப்புக்கு முன்னாடி ஆரஞ்சு வாசனைதான் வரும், உள்ள சதையும் பாருங்க ஆரஞ்சு கலர்லயே இருக்கும். லிக்யூர்ல ஏற்கனவே ஆரஞ்சு இருக்கு, இது அதோட போயி ஒட்டிக்கும். ஹோட்டல்ல நாங்க லெமன்தான் போடுவோம், அது முறை, அதுல தப்பே இல்ல. ஆனா எங்க வீட்டுப் பின்னாடி தொட்டியில காய்க்குற கஸ்தூரிய பறிச்சு போட்ட சைட்கார் எனக்கு ஹோட்டல்ல போட்டதவிட புடிச்சிருக்கு, இத ஊர்ப் பாசத்துல சொல்லல, பத்து தடவ பக்கத்துல பக்கத்துல வச்சு குடிச்சுப் பார்த்துதான் சொல்றேன்.

கஸ்தூரி போடுறப்ப சாறு அளவ குறைக்கணும். ஒரு பழத்துல ஒரு டீஸ்பூன் சாறு கிடைச்சாலே நல்ல பழம், அதனால ஒரு கிளாஸுக்கு மூணு நாலு பழம் வேணும். பலகையில வச்சு உள்ளங்கையால லேசா உருட்டிட்டு, குறுக்கால வெட்டாம காம்பு பக்கமா கொஞ்சம் தள்ளி வெட்டுங்க, விதை கம்மியா நசுங்கும். புழியுறப்ப கடைசி சொட்டு வரைக்கும் முறுக்காதீங்க, தோல் கசப்பு எறங்கிரும். டீ வடிகட்டியில வடிகட்டுங்க. சாறு அன்னன்னைக்கு புழியணும், நேத்து புழிஞ்சு பிரிட்ஜுல வச்சது ஆகாது, வாசனை செத்து கசப்பு தட்டும். போத்தல்ல அடைச்சு விக்குற சாறு வேணவே வேணாம்.

அளவு இதுதான், ஒரு ஆளுக்கு:

பிராந்தி 50 மில்லி, ஆரஞ்சு லிக்யூர் 20 மில்லி, லெமன் சாறு 20 மில்லி. கஸ்தூரியா இருந்தா சாறு 15 மில்லி.

50-20-20ங்குறது உலக பார்டெண்டர் சங்கம் வச்சிருக்குற அளவு. பழைய பாரிஸ் முறையில மூணும் சம பங்கு, அது ரொம்ப புளிப்பும் இனிப்புமா இருக்கும், பிராந்திய தேடணும். 1948ல டேவிட் எம்பரின்னு ஒரு அமெரிக்கர் பிராந்தி 8 பங்கு, லெமன் 2 பங்கு, லிக்யூர் 1 பங்குன்னு எழுதிவச்சாரு, அது காட்டம், அத குடிக்கிறப்ப எனக்கு பெரியப்பா மூஞ்சிதான் ஞாபகம் வரும். நடுவுல இருக்குற அளவுலேர்ந்து ஆரம்பிச்சு உங்க நாக்குக்கு ஏத்த மாதிரி அஞ்சு அஞ்சு மில்லியா நகத்துங்க.

அளக்குற கப்பு இல்லன்னு கண்ணளவுல ஊத்தாதீங்க, இத மட்டும் கெஞ்சிக் கேட்டுக்குறேன். பெரிய கரண்டி (டேபிள்ஸ்பூன்) ஒண்ணு 15 மில்லி, டீஸ்பூன் 5 மில்லி, அப்ப 50 மில்லிக்கு மூணு கரண்டி ஒரு டீஸ்பூன், 20 மில்லிக்கு ஒரு கரண்டி ஒரு டீஸ்பூன், கணக்கு சரியா வருது பாருங்க. பிள்ளைங்க இருமல் மருந்தோட வர்ற பிளாஸ்டிக் கப்புல மில்லி கோடு போட்டிருக்கும், அது இன்னும் சுலபம். அளவுங்குறது ருசிக்காக மட்டும் நான் சொல்லல. நாம வந்த இடத்துல தண்ணி அளவில்லாம ஓடி எத்தன குடும்பத்த அழிச்சிருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், கம்பெனியே தோட்டத்துக்குள்ள கள்ளுக்கடை நடத்துன காலம், சம்பளம் ஒரு கதவுல வந்து இன்னொரு கதவுல போன காலம். 1946, 47ல கெடா மாநிலத்துல தொண்டர் படைக்காரங்க கள்ளுக்கடைய மூடச் சொல்லி மறியல் பண்ணாங்கன்னா சும்மா இல்ல. அப்புறம் சம்சுங்குற மலிவு சாராயம் வந்து மிச்சத்தையும் தின்னுச்சு. அதனால எங்க வீட்ல கரண்டி இல்லாம போத்தல் மூடி தொறக்குறது இல்ல.

இந்த ஒரு கிளாஸ்ல எவ்வளவு இருக்குன்னும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. 50 மில்லி பிராந்தியில 20 மில்லி சுத்த ஆல்கஹால், 20 மில்லி குவாந்த்ரோவுல 8 மில்லி, மொத்தம் 28. சாதாரண 320 மில்லி பியர் கேன்ல 5 சதவீதம்னா 16 மில்லி. அப்ப பாக்குறதுக்கு சின்னதா அழகா இருக்குற இந்த கிளாஸ் ஒண்ணே முக்கால் கேன் பியர். ஜூஸ் மாதிரி இறங்கும், அதுதான் ஆபத்து. எனக்கு ஒண்ணு, தீபாவளின்னா ரெண்டு. குடிச்சிட்டு மோட்டார் சாவிய தொடக்கூடாது, 2020லேர்ந்து சட்டம் இறுக்கிட்டாங்க, 100 மில்லி ரத்தத்துல 50 மில்லிகிராம்தான் எல்லை, முன்னாடி 80 இருந்தது. 21 வயசு ஆகாத தம்பி தங்கச்சிங்களுக்கு கிடையாது. சக்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை போடுறவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான்.

சரி, கலக்குவோம்.

முதல்ல கிளாஸ். ஷேம்பெய்ன் கிண்ணம் மாதிரி அகலமா, கால் வச்சது இருந்தா நல்லது, இல்லன்னா ஐஸ்கிரீம் குடுக்குற கண்ணாடி கப்பு போதும், 150 மில்லி புடிச்சா சரி. ஓரத்துல சீனி ஒட்டுறதா இருந்தா அத இப்பவே செய்யணும். சந்தை சீனி நமக்கு கொஞ்சம் பெரிய மணி, மிக்ஸியில ரெண்டே ரெண்டு சுத்து விட்டு எடுங்க, மாவாக்கிராதீங்க. வெட்டுன கஸ்தூரிய கிளாஸோட வெளிப்பக்க ஓரத்துல பாதி வட்டத்துக்கு மட்டும் தேய்ங்க, அந்தப் பாதிய சீனியில சாய்ச்சு உருட்டுங்க. உள்பக்கம் சீனி விழுந்தா கலவை இனிச்சுப்போகும். பாதி வட்டம் ஏன்னா, இனிப்பு வேணுங்குறவங்க அந்தப் பக்கம் குடிக்கலாம், வேணாங்குறவங்க இந்தப் பக்கம். ஒட்டுன பிறகுதான் பிரீசர்ல வைக்கணும், இருபது நிமிஷம். நம்ம ஊர் புழுக்கத்துல கிளாஸ முதல்ல குளுர வச்சுட்டு அப்புறம் சீனி ஒட்டுனீங்கன்னா கிளாஸ் வேர்த்து சீனி எல்லாம் பாகா ஓடிரும், இத எந்த வெள்ளைக்கார ரெசிபியிலயும் எழுத மாட்டாங்க, அவங்க ஊர்ல இந்தப் பிரச்சனையே இல்ல. இந்த சீனி ஓரம் 1850கள்ல அமெரிக்காவுல நியூ ஓர்லியன்ஸ்ல போட்ட பிராந்தி கிரஸ்டாங்குற பழைய கலவையிலேர்ந்து வந்த பழக்கம், சைட்காருக்கு பாட்டி மாதிரி அது.

ஷேக்கர் இல்லன்னா ஜிம்முக்கு எடுத்துட்டுப் போற புரோட்டீன் ஷேக்கர் இருக்குல்ல, அது ரொம்ப நல்லா வேலை செய்யும், புரோட்டீன் பவுடர் வாசனை மட்டும் போகக் கழுவியிருக்கணும். அதுவும் இல்லன்னா கெட்டியான கண்ணாடி ஜாம் போத்தல், மூடி இறுக்கமா இருக்கணும், துணியில சுத்திப் புடிச்சுக்கணும்.

ஐஸ் பத்தி ஒரு வார்த்தை. கடையில பையில விக்குற ஓட்டை போட்ட ஐஸ், வீட்டுக்கு வர்றதுக்குள்ள பாதி தண்ணியா இருக்கும், அத அப்படியே போட்டா கலவை குளுருறதுக்கு முன்னாடியே தண்ணியாயிரும். பிரீசர்ல ஒரு மணி நேரம் திரும்ப இறுக வச்சு, மேல இருக்குற தண்ணிய உதறிட்டு போடுங்க. வீட்டு டிரேல வச்ச பெரிய கட்டியா இருந்தா இன்னும் நல்லது, ஆனா மீனுக்குப் பக்கத்துல மூடாம வச்ச டிரே ஐஸ் வேணாம், ஐஸ் வாசனைய இழுத்துக்கும், குடிக்கிறப்ப தெரியும்.

ஷேக்கர்ல முதல்ல சாறு, அப்புறம் லிக்யூர், கடைசியா பிராந்தி. இந்த வரிசை ஏன்னா அளவு தப்பிப்போச்சுன்னா கீழ கொட்டுறது விலை கம்மியான சாமானா இருக்கட்டும். மேல ஐஸ் நெறைய, முக்கா பாத்திரத்துக்கு. கஞ்சத்தனம் பார்த்து நாலு கட்டி போட்டா அது சீக்கிரம் கரைஞ்சு தண்ணிதான் சேரும், ஐஸ் ஜாஸ்தியா இருந்தாத்தான் கலவை வேகமா குளுந்து தண்ணி அளவா எறங்கும். மூடிட்டு தோள் உயரத்துக்குத் தூக்கி முன்னும் பின்னும் பலமா குலுக்குங்க, மனசுக்குள்ள பதினஞ்சு எண்ணுங்க. மாமாக் கடையில தே தாரிக்ங்குற பால் டீய இழுக்குறாங்களே எதுக்கு, காத்து உள்ள போயி நுரை கட்டி நாக்குல மெத்துன்னு இருக்கத்தானே, இங்கயும் அதேதான். சும்மா கரண்டி வச்சு கலக்குனா அந்த மெத்து வராது. கை தாங்காத அளவுக்கு பாத்திரம் சில்லிட்டு வெளிய பனி புடிச்சா நிறுத்தலாம். இந்தக் குலுக்கல்ல கரையுற ஐஸ் தண்ணி நீங்க ஊத்துனதுல கால் பங்குக்கு மேலயே இருக்கும். அது கலப்படம் இல்ல, அதுவும் ரெசிபியில ஒரு சாமான், அந்தத் தண்ணி இல்லாம இருந்தா தொண்டை எரியும்.

குலுக்கி முடிச்ச பிறகு ஜாம் போத்தல் மூடி திறக்க வராது, பயப்படாதீங்க, உள்ள காத்து குளுந்து சுருங்கி மூடிய இழுத்துப் புடிச்சிருக்கும், ஓரத்துல ரெண்டு தட்டு தட்டுங்க. ருசி பார்த்துட்டு, அத கீழ சொல்றேன், டீ வடிகட்டி வழியா கிளாஸ்ல ஊத்துங்க, பொடி ஐஸும் பழத் துணுக்கும் விழாது.

ஊத்துறதுக்கு முன்னாடி ஒரு டீஸ்பூன்ல எடுத்து நாக்குல வச்சுப் பாருங்க, பார்ல நாங்க ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் பார்ப்போம். நாக்கு ரெண்டு ஓரமும் இழுத்துச்சுன்னா புளிப்பு ஜாஸ்தி, சீனிப்பாகு ஒரு டீஸ்பூன், அத சீனியும் தண்ணியும் சம அளவு காய்ச்சி வச்சுக்கலாம். உதட்டுல பிசுபிசுன்னு ஒட்டி, குடிச்ச பிறகும் இனிப்பே நின்னா சாறு ஒரு டீஸ்பூன். இனிப்பு புளிப்பு ரெண்டும் சரியா இருந்தும் தொண்டையில சூடா இறங்குனா எதையும் சேர்க்காதீங்க, இன்னும் அஞ்சு எண்ணி குலுக்குங்க, தண்ணி பத்தல அவ்வளவுதான். நல்லா வந்த சைட்கார்ல முதல்ல ஆரஞ்சு வாசனை, அடுத்து புளிப்பு, முழுங்குன பிறகு மூக்கு வழியா பிராந்தி திரும்ப வரும். அந்தக் கடைசி பகுதி வரலன்னா எங்கயோ புளிப்போ இனிப்போ அத மூடிருக்கு.

கடைசியா சன்கிஸ்ட் தோல் ஒரு விரல் நீளத்துக்கு சீவி, வெளிப்பக்கம் கிளாஸ பார்த்து இருக்குற மாதிரி புடிச்சு மடக்குங்க. பொடிப்பொடியா எண்ணெய் தெறிக்கும், லைட்டு வெளிச்சத்துல பார்த்தா தெரியும். அந்த எண்ணெய்தான் வாசனை. தோல உள்ள போடலாம், ஓரத்துல வைக்கலாம், உங்க இஷ்டம்.

பெரியம்மாவுக்கு நான் இதுல ஒரு மாத்தம் பண்ணேன். அவங்க காலத்துல பிராந்தி மருந்து, பிள்ளை பெத்த வீட்ல நாட்டுக்கோழி சூப்போட ஒரு கரண்டி குடுப்பாங்க, அதனால கிளாஸ்ல பிராந்திய பார்த்தாலே, "யாருக்குடா உடம்பு சரியில்ல"ன்னு கேப்பாங்க. சீனி ஓரம் அவங்களுக்குப் புடிக்கல. அசாம் போய் இருக்குல்ல, அந்த உப்பும் புளிப்புமா இருக்குற காஞ்ச பிளம், அத கொட்டை நீக்கி சீனியோட மிக்ஸியில அடிச்சு அந்தப் பொடிய ஓரத்துல ஒட்டிக் குடுத்தேன். உப்பு நாக்குல பட்ட உடனே கஸ்தூரியோட புளிப்பு அடங்கி ஆரஞ்சு தூக்கி நிக்குது, நானே எதிர்பார்க்கல. பெரியம்மா அரை கிளாஸ் ஒரு மணி நேரம் வச்சு குடிச்சாங்க, நடுநடுவுல முறுக்கு. சக்கரை இருக்குறவங்களுக்கு இது நல்லதுன்னு அர்த்தம் இல்ல, சீனி இதுலயும் இருக்கு, ருசிக்குத்தான் சொல்றேன்.

குடிக்காதவங்க, வண்டி ஓட்டுறவங்க, நம்ம மலாய்க்கார கூட்டாளிங்க, பிள்ளைங்க, இவங்களுக்கு வெறுங்கிளாஸ காட்டக்கூடாது. கஸ்தூரி சாறு 30 மில்லி, சீனிப்பாகு 30 மில்லி, ஒரு அசாம் போய் நசுக்கிப் போட்டு, ஐஸ், மேல சோடா. அதுக்கு தனி ஷேக்கர், தனி வடிகட்டி, தனி கிளாஸ் எடுத்து வைங்க, பிராந்தி பட்ட பாத்திரத்துல செஞ்சு முஸ்லிம் கூட்டாளிக்கு குடுக்குறது சரி இல்ல, அவங்க கேக்க மாட்டாங்க, நாமதான் பார்த்துக்கணும்.

கூட கொறிக்கிறதுக்கு பெரிய சமையல் எதுவும் வேணாம். காரமான வறுவல் வச்சா நாக்கு எரிஞ்சு பிராந்தி தெரியாது, மட்டன் வரட்டல் அப்புறம் சோத்தோட சாப்பிட்டுக்கலாம். ஈப்போ புந்தோங் பக்கம் கச்சாங் பூத்தே விக்குற நம்மாளுங்க கடையிலேர்ந்து உப்புக் கடலை, காரம் கம்மியான முறுக்கு, அது போதும். எங்க பெரியப்பா பெட்டியில இருந்த அதே சாமான்தான்.

தீபாவளிக்கு நாலஞ்சு பேரு வர்றாங்க, ஒவ்வொண்ணா அளந்துகிட்டு அடுப்படியிலயே நிக்க முடியாதுன்னா, முதல் நாள் ராத்திரியே பிராந்தி 200 மில்லி, லிக்யூர் 80 மில்லி ஒரு சுத்தமான போத்தல்ல கலந்து பிரீசர்ல வச்சிருங்க, குவாந்த்ரோவோட கலந்ததுன்னா 40 சதவீதம் இருக்குறதால அது உறையாது, கொழகொழன்னு எண்ணெய் மாதிரி ஆகும். நாலு கிளாஸுக்கு சரியா வரும். சாற மட்டும் அன்னைக்கு சாயங்காலம் புழிங்க. ஆள் வந்த பிறகு ஒரு கிளாஸுக்கு போத்தல்லேர்ந்து 70 மில்லி, கஸ்தூரி சாறு 15 மில்லி, ஐஸ். கலவை ஏற்கனவே சில்லுன்னு இருக்குறதால ஐஸ் மெதுவாத்தான் கரையும், அதனால இந்த முறையில மட்டும் பதினஞ்சுக்குப் பதிலா இருபத்தஞ்சு எண்ணுங்க.